அண்ணன், மச்சான், பேரரசர்: ஐரோப்பிய அரச குடும்பங்கள் ஒரே குடும்பம் ஆன கதை

1913 மே மாதம் பெர்லினில் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. ராணுவ உடையில் இரண்டு பேர் அருகருகே நிற்கிறார்கள். ஒரே மாதிரி தாடி, ஒரே மாதிரி மீசை, ஒரே மாதிரி கண்கள். ஒருவர் இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஜார்ஜ், இன்னொருவர் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் நிக்கோலஸ். இதில் யார் எவர் என்பது படத்தின் கீழே உள்ள வரியைப் படித்தால்தான் தெரியும். 1893இல் ஜார்ஜின் கல்யாணத்துக்கு நிக்கோலஸ் லண்டன் வந்திருந்தபோது, அவரையே மாப்பிள்ளை என்று நினைத்து வாழ்த்தியவர்கள் உண்டு.

இவ்வளவு ஒற்றுமை எங்கிருந்து வந்தது? இருவரின் அம்மாக்களும் உடன்பிறந்த அக்கா தங்கைகள். ஜார்ஜின் அம்மா அலெக்ஸாண்ட்ரா மூத்தவர், நிக்கோலஸின் அம்மா டாக்மார் இளையவர். ஆங்கிலப் புத்தகங்கள் இந்த உறவை ‘கசின்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். அத்தை மகன், மாமன் மகன், பெரியப்பா மகள், சித்தி மகன் எல்லாமே அங்கே கசின்தான். ஐரோப்பிய அரச குடும்பங்களைப் பற்றிப் படிக்கும்போது நம் தலை சுற்றுவதற்குப் பாதிக் காரணம் இந்தச் சொல்தான் என்று நினைக்கிறேன். தமிழில் சொல்லிப் பாருங்கள், சட்டென்று தெளிவாகிவிடும். நிக்கோலஸுக்கு ஜார்ஜ் பெரியம்மா மகன், அதாவது அண்ணன்.

இப்போது மூன்றாவது ஆளையும் சேர்த்துக்கொள்வோம். அப்போது ஜெர்மனியின் பேரரசராக இருந்தவர் இரண்டாம் வில்ஹெல்ம், கெய்சர் என்று நாம் படித்தவர். அவருடைய அம்மாவும் ஜார்ஜின் அப்பா ஏழாம் எட்வர்டும் அக்கா தம்பி. ஆகவே ஜார்ஜுக்கு வில்ஹெல்ம் அத்தை மகன், மச்சான் முறை. நிக்கோலஸின் மனைவி அலிக்ஸ், வில்ஹெல்மின் சித்தி மகள். அப்படியானால் வில்ஹெல்முக்கு நிக்கோலஸ் தங்கை புருஷன். முதல் உலகப் போர் தொடங்கியபோது மூன்று பேரரசுகளின் தலைவர்களாக இருந்தவர்கள் இப்படி ஒருவருக்கு அண்ணன், ஒருவருக்கு மச்சான், ஒருவருக்குத் தங்கை கணவர். இது எப்படி நடந்தது, அதனால் என்னென்ன விளைந்தது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பிரித்துப் பார்ப்போம்.

இரண்டு வீடுகள்

19ஆம் நூற்றாண்டைப் பொறுத்தவரை இரண்டு வீடுகளைப் புரிந்துகொண்டால் போதும், மற்றவை தானாக விளங்கும். ஒன்று லண்டனில் விக்டோரியாவின் வீடு. இன்னொன்று கோபன்ஹேகனில் டென்மார்க் மன்னர் ஒன்பதாம் கிறிஸ்டியனின் வீடு.

விக்டோரியா 1837இல் அரியணை ஏறி, 1840இல் ஆல்பர்ட்டை மணந்தார். ஆல்பர்ட் ஜெர்மனியில் சாக்ஸ்-கோபர்க் என்ற சின்னஞ்சிறு அரசின் இளவரசர். விக்டோரியாவின் அம்மாவும் ஆல்பர்ட்டின் அப்பாவும் உடன்பிறந்தவர்கள். நம் கணக்கில் தாய்மாமன் மகன், சொந்த முறைப்பையன். இவர்களுக்கு ஒன்பது பிள்ளைகள், 42 பேரப்பிள்ளைகள். மூத்த மகள் ஜெர்மானிய அரசுகளில் பெரியதான பிரஷ்யாவுக்குப் போனார், அவர் மகன்தான் கெய்சர். இரண்டாவது மகள் அலிஸ் ஹெஸ் என்ற ஜெர்மானியச் சிற்றரசுக்குப் போனார், அவர் மகள்தான் ரஷ்யாவின் கடைசிப் பேரரசி. கடைசி மகள் பியாட்ரிஸின் மகள் ஸ்பெயின் மகாராணி ஆனார். பேத்திகளில் இன்னும் சிலர் நார்வே, ருமேனியா, கிரேக்கம் ஆகிய நாடுகளின் ராணிகள் ஆனார்கள்.

கிறிஸ்டியனின் கதை எனக்கு இதைவிடப் பிடித்தது. அவர் அரியணைக்குப் பிறந்தவர் அல்ல. டேனிஷ் அரச வம்சத்தின் ஒரு கிளையில் பிறந்த, பெரிய வசதி இல்லாத இளவரசர். கோபன்ஹேகனில் ‘மஞ்சள் மாளிகை’ என்று ஒரு வீட்டில் குடியிருந்தார். அரச குடும்பம் என்று சொல்ல முடியாத அளவுக்கு எளிமையான வாழ்க்கை. பெண் பிள்ளைகள் ஒரே அறையில் படுத்தார்கள், தங்கள் உடைகளைத் தாங்களே தைத்துக்கொண்டார்கள். ஆட்சியில் இருந்த மன்னருக்கு வாரிசு இல்லாததால் 1852இல் வல்லரசுகள் கூடி கிறிஸ்டியனை அடுத்த வாரிசாக ஏற்றுக்கொண்டன.

அப்புறம் வந்தது 1863. மார்ச் மாதம் மகள் அலெக்ஸாண்ட்ரா இங்கிலாந்து பட்டத்து இளவரசரை மணந்தார். அதே மாதம், இன்னும் இருபது வயதுகூட ஆகாத இரண்டாவது மகனைக் கிரேக்க நாடு தன் மன்னராகத் தேர்ந்தெடுத்தது. நவம்பரில் கிறிஸ்டியனே டென்மார்க் மன்னர் ஆனார். அப்பாவுக்கு முன்பே மகனுக்கு முடி கிடைத்துவிட்டது! மூன்று ஆண்டுகள் கழித்து டாக்மார் ரஷ்யாவுக்கு மருமகளாகப் போனார். ‘ஐரோப்பாவின் மாமனார்’ என்று கிறிஸ்டியனுக்குப் பட்டப்பெயரே வந்தது. கோடைக்காலத்தில் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் ஃப்ரெடன்ஸ்போர்க் மாளிகையில் கூடுவார்கள். ஜார்ஜும் நிக்கோலஸும் பழகியது அங்கேதான், தாத்தா வீட்டுக்கு விடுமுறைக்குப் போகும் பிள்ளைகளாக.

முதலில் சொன்ன புகைப்படமும் ஒரு கல்யாண வீட்டில் எடுத்ததுதான். கெய்சரின் மகளுக்கும் ஹானோவர் வம்சத்து எர்ன்ஸ்ட் அகஸ்டுக்கும் திருமணம். மாப்பிள்ளையின் அம்மா டீரா, அலெக்ஸாண்ட்ராவுக்கும் டாக்மாருக்கும் தங்கை. ஜார்ஜும் நிக்கோலஸும் சித்தி மகனின் கல்யாணத்துக்கு வந்திருந்தார்கள். 1866இல் ஹானோவரை பிரஷ்யா விழுங்கியதிலிருந்து இரண்டு குடும்பங்களுக்கும் இருந்த பகையை இந்தத் திருமணம் தீர்த்துவைத்தது. மூன்று பேரரசர்களும் ஒன்றாகக் கூடிய கடைசிச் சந்தர்ப்பமும் அதுவே.

ஏன் தங்களுக்குள்ளேயே?

இத்தனை பெரிய கண்டத்தில் வேறு பெண்ணோ மாப்பிள்ளையோ கிடைக்கவில்லையா? கிடைத்திருப்பார்கள். ஆனால் எடுக்க முடியாதபடி வேலி போட்டிருந்தார்கள்.

முதல் வேலி, சமப் பிறப்பு. ஜெர்மானிய அரச வம்சங்களிலும் ஆஸ்திரியாவிலும் ரஷ்யாவிலும் இது எழுதப்பட்ட சட்டமாகவே இருந்தது. ஆளும் குடும்பத்தில், அல்லது முன்பு ஆண்ட குடும்பத்தில் பிறந்தவரைத்தான் மணக்கலாம். மீறினால் திருமணம் செல்லும், பிள்ளைகளுக்கு வாரிசுரிமை கிடையாது. இதற்கு மிக வேதனையான உதாரணம் ஆஸ்திரியாவின் பட்டத்து இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட். அவர் காதலித்த சோஃபி ஹோடெக், பழைய பிரபுக் குடும்பத்துப் பெண்தான். ஆனால் அரச குடும்பம் இல்லை. 1900 ஜூன் 28 அன்று, தன் பிள்ளைகளுக்கு அரியணையில் உரிமை இல்லை என்று சத்தியம் செய்துகொடுத்த பிறகுதான் அவரால் சோஃபியை மணக்க முடிந்தது. அரண்மனை விழாக்களில் சோஃபி கணவர் பக்கத்தில் நடக்கக்கூட விடமாட்டார்கள், வரிசையில் எங்கோ பின்னால் தள்ளிவிடுவார்கள். சரியாகப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, அதே ஜூன் 28 அன்று, சரயேவோவில் இருவரும் ஒரே காரில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

இரண்டாவது வேலி மதம். 1701இல் இங்கிலாந்து ஒரு சட்டம் போட்டது. கத்தோலிக்கரோ கத்தோலிக்கரை மணந்தவரோ அரியணை ஏற முடியாது என்றது அது; கத்தோலிக்கரை மணந்தவருக்கான தடை 2015இல்தான் நீங்கியது. அந்தச் சட்டப்படி, ரத்த உறவில் இன்னும் நெருங்கிய ஐம்பதுக்கும் மேற்பட்ட கத்தோலிக்கர்களைத் தாண்டி, ஜெர்மனியின் ஹானோவரிலிருந்து முதலாம் ஜார்ஜ் 1714இல் வந்து முடிசூடினார். மணமகன், மணமகள் பட்டியலிலிருந்து இப்படி பிரான்ஸ், ஸ்பெயின், ஆஸ்திரியா, போர்ச்சுகல் எல்லாம் அடிபட்டுப் போயின. மிஞ்சியவை ஸ்காண்டிநேவியாவும் ஜெர்மனியின் புராட்டஸ்டன்ட் சிற்றரசுகளும்தான். ஜெர்மனி அப்போது ஒரே நாடாக இல்லை. டஜன் கணக்கில் அரசுகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஆளும் குடும்பம், ஒவ்வொரு குடும்பத்திலும் பட்டம் உண்டு, பணம் குறைவு, மதம் சரி. முதலாம் ஜார்ஜ் தொடங்கி விக்டோரியா வரை ஆறு பிரிட்டிஷ் ஆட்சியாளர்களும் மணந்தது ஜெர்மானியர்களையே. விக்டோரியாவின் மாமா லியோபோல்ட் 1831இல் பெல்ஜியத்தின் முதல் மன்னர் ஆனார். அவருடைய அண்ணன் மகன்களில் ஒருவர் போர்ச்சுகல் ராணியை மணந்தார், இன்னொருவர் விக்டோரியாவை மணந்தார். ஒரு சின்ன அரசுக்கு இது எவ்வளவு பெரிய பாய்ச்சல்!

மூன்றாவது காரணம் நமக்குப் பழக்கமானது. பெண் கொடுத்து, பெண் எடுத்தால் உறவு. உறவானால் பகை குறையும், நிலம் சேரும். இதை மற்ற எல்லோரையும்விட முன்பே செய்துகாட்டியது ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் வம்சம். 1477இல் மாக்ஸிமிலியன் பர்கண்டியின் வாரிசுப் பெண்ணை மணந்தார், நெதர்லாந்துப் பகுதிகள் வந்தன. அவர் மகன் 1496இல் ஸ்பெயின் இளவரசியை மணந்தார். பேரன் ஐந்தாம் சார்லஸ் கைக்கு ஸ்பெயினும் அதன் அமெரிக்க நிலங்களும் நேபிள்ஸும் ஆஸ்திரியாவும் வந்துசேர்ந்தன. ‘மற்றவர்கள் போர் செய்யட்டும், பாக்கியம் பெற்ற ஆஸ்திரியாவே, நீ கல்யாணம் செய்துகொள்’ என்று லத்தீனில் ஒரு பழமொழியே இதைப் பற்றி உண்டு. ஆனால் கல்யாணத்தில் வந்த சொத்து கல்யாணத்திலேயே வெளியே போகவும் முடியும். அந்தப் பயம்தான் பின்னால் அவர்களைத் தங்களுக்குள்ளேயே சுற்றவைத்தது.

முறையும் படியும்

நம் வழக்கத்தில் ‘முறை’ என்று ஒன்று உண்டு. மாமன் மகள், அத்தை மகள், சில சமூகங்களில் அக்கா மகள் கட்டும் முறை. சித்தப்பா மகள், பெரியம்மா மகள் எவ்வளவு தூரத்து உறவானாலும் தங்கை முறை, பேச்சுக்கே இடமில்லை. ஐரோப்பாவில் இந்தப் பிரிவினை கிடையாது. அங்கே கணக்குப் பார்ப்பது தூரத்தை மட்டும்தான். 1215இல் கத்தோலிக்கத் திருச்சபை நான்கு படிகளுக்குள் உறவு இருந்தால் திருமணம் கூடாது என்று விதித்தது. அதாவது தாத்தாவின் தாத்தா ஒருவராக இருந்தாலும் தடைதான். இந்த விதியை அப்படியே பின்பற்றியிருந்தால் அரச குடும்பங்களில் கல்யாணமே நடந்திருக்காது. ஆகவே போப்பிடம் விலக்கு கேட்பார்கள், பெரும்பாலும் கிடைத்துவிடும். புராட்டஸ்டன்ட் நாடுகளில் அந்தத் தடையும் இல்லை.

இதனால் நமக்குத் தூக்கிவாரிப்போடும் திருமணங்கள் அங்கே இயல்பாக நடந்தன. கெய்சரின் தம்பி ஹைன்ரிஷ் 1888இல் மணந்தது ஹெஸ்ஸின் ஐரீனை. இருவரின் அம்மாக்களும் விக்டோரியாவின் மகள்கள். சித்தி மகளையே மணந்துகொண்டார். நம் வீட்டுப் பெரியவர்களிடம் இதைச் சொன்னால் காதைப் பொத்திக்கொள்வார்கள். அவர்களுக்கோ அது விக்டோரியா ஆல்பர்ட் திருமணத்தைப் போலவே இன்னொரு கசின் திருமணம், அவ்வளவுதான்.

மூதாதையர் சுருங்கினால்

இனி இந்தக் கட்டுரையின் மையமான விஷயத்துக்கு வருவோம். ஒரு தாளை எடுத்து உங்கள் பெயரை எழுதுங்கள். மேலே அப்பா, அம்மா என இரண்டு பேர். அதற்கு மேலே தாத்தா பாட்டி நான்கு பேர். அதற்கு மேலே எட்டு, அப்புறம் பதினாறு. பத்துத் தலைமுறை போனால் 1,024. இருபது போனால் பத்து லட்சத்தைத் தாண்டும். முப்பது தலைமுறை, அதாவது ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகள் பின்னால் போனால் நூறு கோடியைத் தாண்டிவிடும். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் உலகத்தில் மொத்தமே அத்தனை பேர் இல்லையே?

விடை எளிது. அந்த நூறு கோடி கட்டங்களில் ஒரே ஆட்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். எங்கோ மேலே இருக்கும் ஒரு பாட்டி, உங்கள் அப்பா வழியிலும் வருவார், அம்மா வழியிலும் வருவார். இதைத்தான் மூதாதையர் சுருக்கம் என்கிறோம். ஜெர்மானியர்கள் ‘மூதாதையர் இழப்பு’ என்ற பொருள்படும் ஒரு சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். இது உங்களுக்கும் எனக்கும், உலகத்தில் எல்லோருக்கும் பொது. அரச குடும்பங்களில் வித்தியாசம் என்னவென்றால், நமக்கு எங்கோ மேலே போய் நடப்பது அவர்களுக்கு இரண்டு மூன்று தலைமுறைக்குள்ளேயே நடந்துவிடும்.

ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் மகன் டான் கார்லோஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1545இல் பிறந்தவர். அவருடைய அப்பாவின் அப்பாவும் அம்மாவின் அம்மாவும் உடன்பிறந்தவர்கள். அப்பாவின் அம்மாவும் அம்மாவின் அப்பாவும்கூட உடன்பிறந்தவர்கள். இரண்டு பக்கமும் பெண் கொடுத்துப் பெண் எடுத்ததன் விளைவு. தாத்தா பாட்டிகளின் பெற்றோர் நமக்கு எட்டுப் பேர், டான் கார்லோஸுக்கு நான்கே பேர். அதற்கு மேலே நமக்குப் பதினாறு, அவருக்கு ஆறு. மேலே போகப் போக விரியவேண்டிய கிளைகள் அங்கே ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு குறுகிப்போயிருக்கின்றன.

இதில் என்ன கெடுதல்? நம் உடலில் பெரும்பாலான மரபணுக்கள் இரண்டிரண்டு பிரதிகளாக இருக்கின்றன. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒன்றில் பிழை இருந்தாலும் மற்றது சரியாக இருந்தால் பல நேரம் சமாளித்துக்கொள்ளும். பிழையான பிரதி எல்லோரிடமும் சில உண்டு, யாருக்கு எது என்பதுதான் வேறுபடும். அப்பாவும் அம்மாவும் ஒரே தாத்தாவின் வழியில் வந்தவர்கள் என்றால், அந்தத் தாத்தாவின் ஒரே பிழை இருவரிடமும் இருக்க வாய்ப்பு உண்டு. பிள்ளைக்கு இரண்டு பிரதியும் பிழையாகவே வந்துசேரலாம். ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பைக் கணக்கிட முடியும். மாமன் மகள், அத்தை மகன் போன்ற திருமணத்தில் பிறந்த பிள்ளைக்கு அது 6.25 சதவீதம். தாய்மாமனை மணந்தவரின் பிள்ளைக்கு 12.5. உடன்பிறந்த அண்ணன் தங்கைக்குப் பிள்ளை பிறந்தால் 25.

ஸ்பெயினின் கடைசி ஹாப்ஸ்பர்க் மன்னர் இரண்டாம் கார்லோஸுக்கு 25.4 சதவீதம் என்று 2009இல் ஸ்பானிய மரபியல் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அவர் பெற்றோர் அண்ணன் தங்கை இல்லை, மாமனும் தங்கை மகளும்தான். வெறும் 12.5 வரவேண்டிய இடத்தில் இரண்டு மடங்கு எப்படி வந்தது? இருநூறு ஆண்டுகளாகச் சேர்ந்த பாக்கி அது. 1516 முதல் 1700 வரை அந்த வம்சத்தில் நடந்த 11 திருமணங்களில் 9 நெருங்கிய சொந்தத்தில் நடந்தவை.

கடைசித் திருமணத்தின் கதையைப் படித்தால் மனம் கனத்துவிடும். ஆஸ்திரிய இளவரசி மரியானாவை முதலில் பேசியிருந்தது, கார்லோஸின் அப்பாவான மன்னர் நான்காம் பிலிப்பின் மூத்த மகனுக்கு. அந்தப் பையன் 1646இல் இறந்துபோனான். பிலிப்பின் மனைவியும் இறந்திருந்தார், ஆண் வாரிசு இல்லை. மருமகளாக வரவிருந்த தங்கை மகளை 1649இல் பிலிப்பே மணந்துகொண்டார். மாப்பிள்ளைக்கு 44 வயது, பெண்ணுக்குப் பதினான்கு. அவர்களின் மகன் கார்லோஸுக்கு, அப்பாவின் பெற்றோரே அம்மாவின் தாத்தா பாட்டி. முன்னால் துருத்திய பெரிய தாடை, பேச்சும் நடையும் மிகவும் தாமதம், வாழ்நாள் முழுக்க நோய். இரண்டு முறை திருமணம் ஆகியும் குழந்தை இல்லை. 1527க்கும் 1661க்கும் இடையில் ஸ்பானிய அரச குடும்பத்தில் பிறந்த 34 குழந்தைகளில் 17 பேர் பத்து வயதைத் தாண்டவில்லை. அன்றைய ஸ்பெயினின் சாதாரணக் கிராமத்துக் குழந்தைகளின் நிலைமை இதைவிட மேலாக இருந்தது. உலகத்தின் மிகப் பெரிய பேரரசின் வைத்தியர்கள் எல்லாம் பக்கத்தில் இருந்தும் இப்படி.

ஒன்றை இங்கே கவனிக்கவேண்டும். கார்லோஸின் அக்கா மார்கரீட்டா அதே பெற்றோருக்குப் பிறந்தவர், அதே 25.4 சதவீதம். வெலாஸ்கஸின் புகழ்பெற்ற ஓவியத்தில் நடுவில் வெள்ளை உடையில் நிற்கும் பொன்னிறக் குழந்தை அவர்தான். தம்பிக்கு இருந்த குறைகள் அவருக்கு இல்லை. இது சாத்தியக்கூறுதான், தலையெழுத்து இல்லை. ஆனால் அவரையும் விடவில்லை. தாய்மாமனான ஆஸ்திரிய ஹாப்ஸ்பர்க் பேரரசர் லியோபோல்டுக்கே கட்டிவைத்தார்கள். நான்கு பிள்ளைகள் பெற்று, அதில் ஒன்றே தங்கி, 21 வயதில் இறந்துபோனார்.

சொத்து வெளியே போகக் கூடாது என்று செய்த ஏற்பாடு எல்லாம் 1700இல் கார்லோஸ் வாரிசு இல்லாமல் இறந்ததும் உடைந்தது. பிரான்ஸும் ஆஸ்திரியாவும் தங்கள் வீட்டுக்கு வந்த ஸ்பானிய மருமகள்களைக் காட்டி உரிமை கேட்டன. 1701 முதல் 1714 வரை ஐரோப்பா முழுக்கப் போர். ஜிப்ரால்டர் இன்றும் பிரிட்டனிடம் இருப்பது அந்தப் போரில் 1704இல் பிடித்துக்கொண்டதால்தான்.

நம் வீடுகளிலும் சொந்தத்தில் கட்டுகிறோமே என்ற கேள்வி இதைப் படிக்கும் பலருக்கும் வந்திருக்கும். வரவேண்டிய கேள்விதான். ஒரு தலைமுறையில் மாமன் மகளை மணப்பதால் பிறவிக் குறைபாட்டுக்கான ஆபத்து கூடுகிறது என்பது உண்மை, ஆனாலும் பெரும்பாலான பிள்ளைகள் நலமாகவே பிறக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக அதே சில வீடுகளுக்குள் சுற்றும்போதுதான் ஹாப்ஸ்பர்க் கணக்கு நெருங்கி வரும். குடும்பத்தில் ஏற்கெனவே மரபுநோய் இருந்தால் மணம் பேசும் முன்பு மரபியல் மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

ஹீமோஃபிலியா வேறு கதை

அரச குடும்பம், சொந்தத்தில் கல்யாணம் என்றதும் பலரும் உடனே சொல்வது விக்டோரியாவின் ‘ராஜ நோய்’. ரத்தம் உறையாமல் போகும் ஹீமோஃபிலியா. நெருங்கிய உறவில் மணந்ததால் வந்தது என்று பரவலாக நம்புகிறார்கள். அது தவறு. இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதலாம் என்று தோன்றியது.

இந்த நோயின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஒன்றே ஒன்று. பெண்ணிடம் ஒரு பிரதி பிழையானாலும் மற்றது காப்பாற்றும். அவருக்கு நோய் பெரிதாகத் தெரியாது, ஆனால் பிள்ளைகளுக்குக் கடத்துவார். ஆணுக்குக் காப்பாற்ற இன்னொரு பிரதி இல்லை. அம்மாவிடமிருந்து பிழையான எக்ஸ் வந்தால் நோய்தான். அப்பா யார், சொந்தமா அந்நியமா என்பதற்கும் மகனுக்கு இந்த நோய் வருவதற்கும் சம்பந்தமே இல்லை, ஏனென்றால் மகன் அப்பாவிடமிருந்து எக்ஸ் பெறுவதில்லை. விக்டோரியா ஒரு மீனவரை மணந்திருந்தாலும் மகன்களுக்கு அதே ஆபத்து இருந்திருக்கும். அவருக்கு முன்னால் அந்தக் குடும்பத்தில் இந்த நோய் இருந்ததற்குத் தடயம் இல்லை, புதிதாகத் தோன்றிய மரபணு மாற்றம் என்பதே பரவலான கருத்து.

அரச திருமணங்கள் செய்தது, அந்தப் பிழையை ஊர் ஊராகக் கொண்டுபோனதுதான். விக்டோரியாவின் மகன் லியோபோல்ட் 1884இல் வழுக்கி விழுந்து 30 வயதில் இறந்தார். மகள் அலிஸின் இரண்டு வயது மகன் ஜன்னலிலிருந்து விழுந்து ரத்தப்போக்கில் இறந்தான். அலிஸின் மகள் ஐரீன் அதை பிரஷ்யாவுக்கும், இன்னொரு மகள் அலிக்ஸ் ரஷ்யாவுக்கும் கொண்டுபோனார்கள். பியாட்ரிஸின் மகள் வழியாக ஸ்பெயினுக்குப் போனது. ரஷ்யாவில் 1904இல் நான்கு பெண்களுக்குப் பிறகு தவமிருந்து பெற்ற மகன் அலெக்ஸிக்கு அந்த நோய். எந்த வைத்தியத்துக்கும் கேட்காத மகனின் வலியைத் தணிப்பவராக அந்தத் தாய் நம்பியது ரஸ்புடின் என்ற சாமியாரை. ரஸ்புடினுக்கு அரண்மனையில் கிடைத்த இடம் ஜார் ஆட்சியின் பெயரைக் கெடுத்தது. ஏழாம் எட்வர்டுக்கு அம்மாவிடமிருந்து நல்ல பிரதி வந்ததால் பிரிட்டிஷ் அரியணை வழியில் நோய் இல்லை.

உறவு காப்பாற்றியதா?

இவ்வளவு நெருங்கிய சொந்தம் என்றால் போர் வராமல் தடுத்திருக்க வேண்டாமா? முயற்சி நடந்தது. 1914 ஜூலை 29 முதல் ஆகஸ்ட் 1 வரை வில்ஹெல்மும் நிக்கோலஸும் ஒருவருக்கொருவர் தந்தி அடித்தார்கள். ஆங்கிலத்தில், ‘வில்லி’ என்றும் ‘நிக்கி’ என்றும் வீட்டுப் பெயரில் கையெழுத்திட்டு. பழைய நட்பின் பெயரால் கெஞ்சிக்கொண்டார்கள். ஆனால் படைகளை நகர்த்தும் ஆணைகள் ஏற்கெனவே ஓடத் தொடங்கிவிட்டன. ஆகஸ்ட் 1 அன்று ஜெர்மனி ரஷ்யா மீது போர் அறிவித்தது. ராணுவத் திட்டங்களும் கூட்டணி ஒப்பந்தங்களும் நாடாளுமன்றங்களும் இருக்கும் காலத்தில், மச்சான் சொன்னான் என்று போர் நிற்பதில்லை. உண்மையில் அதற்கு ஐம்பது ஆண்டுகள் முன்பே இது தெரிந்த விஷயம். 1864இல் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் சேர்ந்து டென்மார்க்கைத் தோற்கடித்து ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் பகுதிகளைப் பறித்தபோது, விக்டோரியாவின் மகள் பிரஷ்யாவின் மருமகள், விக்டோரியாவின் மருமகளோ டென்மார்க் மன்னரின் மகள். அலெக்ஸாண்ட்ரா கடைசிவரை பிரஷ்யாவை மன்னிக்கவில்லை.

போர் நடுவில், 1917 ஜூலையில், ஐந்தாம் ஜார்ஜ் சாக்ஸ்-கோபர்க் என்ற தன் வம்சத்தின் ஜெர்மானியப் பெயரை விட்டுவிட்டு வின்ட்சர் என்று மாற்றிக்கொண்டார். அதே ஆண்டு ரஷ்யாவில் ஆட்சி கவிழ்ந்தது. நிக்கோலஸ் குடும்பத்துக்குப் புகலிடம் தருவதாக பிரிட்டிஷ் அரசு முதலில் ஒப்புக்கொண்டது. தன் நாட்டில் எதிர்ப்பு கிளம்பும், தன் அரியணைக்கே ஆபத்து என்று அஞ்சிய ஜார்ஜ், தன் செயலாளர் மூலம் அந்த யோசனையைக் கைவிடச் செய்தார். சித்தி மகன், உருவத்தில் அச்சு அசலாகத் தன்னைப் போலவே இருந்தவர். 1918 ஜூலை 17 அதிகாலையில் யெகாடெரின்பர்க்கில் ஒரு வீட்டின் நிலவறையில் நிக்கோலஸ், அலிக்ஸ், ஐந்து பிள்ளைகள் எல்லோரையும் சுட்டுக் கொன்றார்கள். இந்த முடிவை எடுத்த ஜார்ஜின் நிலைமையைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஏற்றுக்கொள்ள என்னால் முடியவில்லை.

1991இல் அந்த ஊருக்கு அருகே எலும்புகளைத் தோண்டி எடுத்தபோது அவை யாருடையவை என்று உறுதிசெய்ய உறவினர் ரத்தம் தேவைப்பட்டது. அம்மா வழியில் மட்டும் இறங்கிவரும் ஒருவகை டிஎன்ஏ உண்டு. அலிக்ஸின் அக்காவின் மகளுக்குப் பிறந்தவர் எடின்பரோ கோமகன் பிலிப், எலிசபெத் ராணியின் கணவர். அவர் ரத்தம் கொடுத்தார். 1993இல் அது பேரரசியின் எலும்புகளோடும் மூன்று மகள்களின் எலும்புகளோடும் பொருந்தியது.

இன்று

எலிசபெத்தும் பிலிப்பும்கூடச் சொந்தம்தான், அதுவும் இரண்டு வழியில். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது, தமிழ் முறை வைத்துப் போட்டுப் பார்த்தேன். விக்டோரியாவின் மகன் எட்வர்டும் மகள் அலிஸும் அண்ணன் தங்கை. அவர்கள் பிள்ளைகள் ஐந்தாம் ஜார்ஜும் ஹெஸ்ஸின் விக்டோரியாவும் கட்டும் முறை. கட்டும் முறை உள்ளவர்களின் பிள்ளைகள் உடன்பிறப்பு முறை, ஆக ஐந்தாம் ஜார்ஜின் மகனும் எலிசபெத்தின் அப்பாவுமான ஆறாம் ஜார்ஜுக்கு, ஹெஸ்ஸின் விக்டோரியாவின் மகளான பிலிப்பின் அம்மா அக்கா. அப்படியானால் எலிசபெத்துக்கு பிலிப் அத்தை மகன். சரி, டேனிஷ் தாத்தா கிறிஸ்டியன் வழியில் பார்த்தால்? அலெக்ஸாண்ட்ராவும் கிரேக்க மன்னரும் அக்கா தம்பி, அவர்கள் மகன்கள் ஐந்தாம் ஜார்ஜும் பிலிப்பின் அப்பாவும் மச்சான் முறை. அந்த வழியில் ஆறாம் ஜார்ஜுக்கு பிலிப் மச்சான், எலிசபெத்துக்கு மாமன். எந்தப் பக்கம் போனாலும் கட்டும் முறைதான்! 1947இல் அவர்கள் மணந்தபோது லண்டனில் யாரும் இப்படிக் கணக்குப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இன்றைய மன்னர்களில் பிரிட்டன், நார்வே, சுவீடன், டென்மார்க், ஸ்பெயின் ஆகிய ஐந்து நாடுகளின் மன்னர்கள் விக்டோரியாவின் வம்சம். பிரிட்டன், நார்வே, டென்மார்க், ஸ்பெயின், பெல்ஜியம் நாடுகளின் மன்னர்களும் லக்சம்பர்க் கோமகனும் கிறிஸ்டியனின் வம்சம். நெதர்லாந்து மன்னர் இரண்டு பட்டியலிலும் இல்லை. ஆனால் இன்னும் பின்னால், 1711இல் ஒரு அகன்ற ஆற்றைப் படகில் கடக்கும்போது 23 வயதில் மூழ்கி இறந்த டச்சு இளவரசர் ஜான் வில்லியம் ஃப்ரிசோவிடம் போனால், இந்த மன்னர்கள் எல்லோரும் அவருடைய வாரிசுகள் ஆகிவிடுகிறார்கள்.

புதிய முடிச்சுகள் இனி விழப்போவதில்லை. முதல் உலகப் போர் முடிந்ததும் ஜெர்மானிய அரசுகள் எல்லாம் மறைந்தன, பெண் பார்க்க வீடுகளே குறைந்துவிட்டன. நார்வேயின் பட்டத்து இளவரசர் ஹரால்ட், ஒரு துணிக்கடைக்காரரின் மகள் சோனியாவுக்காக ஒன்பது ஆண்டுகள் காத்திருந்து, அவரையன்றி யாரையும் மணப்பதில்லை என்று நின்று, 1968இல் மணந்தார். அதற்குப் பிறகு சுவீடன், டென்மார்க், ஸ்பெயின், நெதர்லாந்து என எல்லா இடங்களிலும் வெளியே பெண் எடுத்தார்கள். பிரிட்டனில் சிறுவர் இளவரசர் ஜார்ஜுக்கு ஒரு வம்சாவளித் தாள் போட்டால், அப்பா பக்கம் விக்டோரியாவும் கிறிஸ்டியனும் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வருகிறார்கள். அம்மா கேத்தரின் பக்கம் மேலே ஏறிக்கொண்டே போனால், ஒரு கிளை வட இங்கிலாந்தின் டர்ஹம் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை பார்த்தவர்களிடம் போய்ச் சேர்கிறது.